தட்டிக்கு வெளியே கேட்ட சத்தம்

காஞ்சிபுரம் சப் மாஜிஸ்டிரேட் முன்னிலையில் 1972-ம் வருஷம் மே மாதம் 19-ம் தேதி பதிவு செய்யப்பட்டது.

பெயர் அம்சவேணி. வயது முப்பத்திரண்டு. காலஞ்சென்ற தர்மன் மனைவி. தொழில் பட்டு நூல் இழைத்தல். சொந்த ஊர் முசரவாக்கம். தற்சமயம் பிள்ளையார்பாளையத்தில் வாடகை வீட்டில் குடியிருப்பு. சத்தியப் பிரமாணத்தின் பேரில் சொல்வதாவது:

தர்மன் என்பவர் என் கணவர். அவர் பெயரை நான் இதுவரை வாயால் சொன்னதில்லை. ஊரே அந்தப் பெயரைக் கத்தியதில்தான் இந்த வழக்கு வந்து நிற்கிறது என்பதால் கோர்ட்டார் முன்னால் இன்றைக்குச் சொல்கிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவருடைய அண்ணன் ராமலிங்கம் முசரவாக்கத்தில் பயிர் வைத்துப் பிழைக்கிறார். வேன் டிரைவர் குப்புசாமி மேல் புகார் கொடுத்தவர் அவர்தான். என் கணவருக்கு அடிபட்டது தெரிந்தும் குப்புசாமி வேண்டுமென்றே வண்டி எடுக்காமல் நக்கல் பேசிக்கொண்டிருந்தார், அதனால்தான் உயிர் போயிற்று என்பது புகார். குப்புசாமி இப்போது சப்ஜெயிலில் இருக்கிறார். அந்தப் புகார் உண்மையா என்று என்னைக் கேட்கிறீர்கள். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் யாரும் மடக்காமல் இருந்தால் நல்லது.

என் கணவர் சடுகுடு ஆட்டக்காரர். பொழுதுபோக்காக ஆடியவர் அல்ல, அவருக்கு அதுதான் உத்தியோகம். பட்டுக்கடை முதலாளி கலியாணசுந்தரம் ஒரு அணி வைத்திருக்கிறார். ஆட்டக்காரர்களுக்குக் கடையில் சேல்ஸ்மேன் என்று பேர், ஆனால் என் கணவருக்குப் புடவையை ஒழுங்காக மடிக்கக்கூடத் தெரியாது. அரக்கோணம், வேலூர், திண்டிவனம் என்று எங்கே டிக்கெட் போட்டு ஆட்டம் நடந்தாலும் முதலாளி அவர்களை அனுப்பி வைப்பார். மாசத்தில் பாதி நாள் நான் தனியாகத்தான் இருப்பேன். திரும்பி வருகிற அன்றைக்குத் தெருமுனைக் குழாயடியிலேயே பாட்டைப் பிடித்துவிடுவார். சடுகுடு சடுகுடு என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்து, நூல் இழைத்துக்கொண்டிருக்கிற என் தோளைத் தொட்டு, நீ செத்தே என்பார். பக்கத்து வீட்டுக்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். மானத்தை வாங்குகிறாயே என்று திட்டுவேன். அதற்காகவே வாசலைப் பார்த்துக்கொண்டும் இருப்பேன். இப்போதும் குழாயடியில் ஆம்பிளைக் குரல் கேட்டால் என் கை நின்றுபோகிறது, இழை அறுந்துவிடுகிறது.

அந்தச் சொல்லைப் பற்றிக் கோர்ட்டார் தெரிந்துகொள்ள வேண்டும். சடுகுடுவில் தொடப்பட்டவன், பிடிபட்டவன் எவனானாலும் அவனைச் செத்தான் என்றுதான் சொல்வோம். செத்தவன் கோட்டுக்கு வெளியே போய் உட்கார வேண்டும். எதிரணியில் ஒருத்தன் செத்தால், நம்முடைய பக்கம் செத்து உட்கார்ந்திருப்பவனில் ஒருத்தன் திரும்ப உள்ளே இறங்கலாம். அதற்கு உயிர் என்று பேர். இன்னாருக்கு உயிர் என்று அம்பயர் சொல்வார், அவன் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்து வருவான். நல்ல ஆட்டக்காரன் ஒரே சாயங்காலத்தில் பல தடவை செத்துப் பிழைப்பான். பார்க்கிறவர்கள் யாரும் அதற்குப் பதற மாட்டார்கள். நானும் பதறியதில்லை. கல்யாணமான புதிதில் முதல் முறை கேட்டபோது மட்டும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, அதற்கு அவர் ஒரு மாசம் என்னைக் கேலி செய்தார்.

போன வருஷம் தென்னேரியில் நடந்த ஆட்டத்தில் எங்கள் அணிப் பையன் ஒருவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. வைக்கோல் ஏற்றி வந்த மாட்டு வண்டியில் அவனைக் கிடத்தி வாலாஜாபாத் வரைக்கும் கொண்டு போனார்கள். வண்டி ஆடுகிற ஆட்டத்துக்கு அவன் அலறியிருக்கிறான். என் கணவர் வழி நெடுக அவன் கையை அசையாமல் பிடித்துக்கொண்டே போயிருக்கிறார். வீட்டுக்கு வந்து சில நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அதன் பிறகு இந்த வருஷம் செவிலிமேட்டில் பாலாற்றங்கரைத் திடலில் தானே போட்டி நடத்தப் போவதாக முதலாளி நோட்டீஸ் ஒட்டியதும், நான் நேராகக் கடைக்குப் போனேன். பட்டுப்புடவை மேல் ஒரு சொட்டு மழை படக்கூடாது என்று வேனுக்குள் தார்ப்பாய் விரித்து ஊர் ஊராக அனுப்புகிறீர்களே, ஆட்டக்காரனுக்கு அடிபட்டால் மட்டும் வைக்கோல் வண்டியா என்று கேட்டேன். முகூர்த்தப் புடவை எடுக்க வந்திருந்த கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே பேசினேன். அவர் கெட்டவர் இல்லை. நாலு பேர் முன்னால் கேட்டால் நல்லவராகவே இருப்பார்.

அதன் பிறகு ஏற்பாடுகள் நடந்தன. கடை வேன் போட்டி முடிகிறவரை திடலை விட்டு நகரக் கூடாது என்று பேசினார்கள். டாக்டர் யாரும் வர ஒப்புக்கொள்ளாததால், கம்பவுண்டர் ஆதிகேசவன் மருந்துப் பெட்டியோடு கோட்டோரம் உட்காருவது என்று முடிவாயிற்று. இரண்டு சவுக்குக் கழியில் கோணி கட்டித் தூக்குக் கட்டில் செய்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியிலும் முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். ஒரு நாள் காலையில் எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்தார்கள், அடிபட்ட ஆளாக என் கணவரே படுத்துக்கொண்டார். அவரைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினார்கள். அவர் கோணியில் மல்லாந்துகொண்டு, "சாமி பொறப்பாடு மாரி இருக்குதுபா, எவனாச்சும் கொடை புடிங்க" என்றார். குப்புசாமி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓட்டிக் காட்டிவிட்டுத் திரும்பி வந்து, கண் மூடித் திறப்பதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன் அண்ணி என்று என்னிடம் சொன்னார். அவர் எங்கள் அணி போகிற ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டியவர். என் கணவர் என்றால் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம்.

வேனை எப்படிக் கூப்பிடுவது என்று நான் கேட்டேன். விசில் அம்பயருடையது, அதை வேறு யாரும் ஊதக்கூடாது என்றார்கள். துணியை ஆட்டிக் காட்டலாமே என்றேன். சிவப்பு ஒரு கட்சிக்காரருடையது, கறுப்பும் சிவப்புமாகக் காட்டினால் இன்னொரு கட்சிக்காரர் சண்டைக்கு வருவார், மஞ்சள் கோயிலுக்கு, பச்சை காட்டினால் போகலாம் என்று அர்த்தமாகிவிடும் என்று ஆளாளுக்கு ஒன்று பேசினார்கள், எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் முதலாளி, "ஒரு கொரலு குடுத்தா வந்துடப் போறான். இதுக்குப் போயி இவ்ளோ யோசனையா?" என்று சொல்லிப் பேச்சை முடித்தார். எனக்கும் அதற்கு மேல் தோன்றவில்லை. வேனைத் திடலுக்குள் விட்டால் மணலில் டயர் பதியும், டிக்கெட் வாங்கினவர்களுக்கும் மறைக்கும் என்று வெளியே நிறுத்தச் சொன்னார்கள். டிக்கெட் வாங்காதவன் பார்த்துவிடக்கூடாது என்பதற்காகத் திடலைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேலே தென்னங்கீற்றுத் தட்டி கட்டியிருந்தது. உள்ளே நடப்பது எதுவும் வெளியே தெரியாது. சத்தம் மட்டும்தான் கேட்கும்.

கடைசி நாள் சாயங்காலம் எங்கள் அணிக்கும் தென்னேரி அணிக்கும் ஆட்டம். நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் அன்றைக்கு நன்றாக ஆடினார். ஆட்டத்தின் முதல் பாதியில் அவர் செத்ததும் உண்டு, உயிர் வாங்கி இறங்கியதும் உண்டு. இடைவேளை விட்டபோது என் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினார், கூட்டம் இருந்ததால் நான் வேறு பக்கம் பார்ப்பதுபோல் இருந்துவிட்டேன். அப்போது நேராகப் பார்த்திருக்கலாம்.

அதன் பிறகு ஆட்டம் திரும்ப ஆரம்பித்தது. அவர் பாடிக்கொண்டு தென்னேரி பக்கம் போனார். பரசுராமன் என்கிற ஆள் அவருடைய காலைப் பிடித்தார், அவர் குப்புற விழுந்தார், மற்றவர்கள் எல்லோரும் மேலே விழுந்து அமுக்கினார்கள். ஆட்டத்தில் அப்படித்தான் பிடிப்பார்கள். பரசுராமன் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார். அத்தனை பேருக்கு அடியிலிருந்தும் என் கணவர் பாடுகிற குரல் கேட்டது. பிறகு அது மெலிந்து நின்றது. அம்பயர் விசில் ஊதி, தர்மன் செத்தான் என்றார். தென்னேரிக்காரர்கள் துண்டைச் சுழற்றிக்கொண்டு, தர்மன் செத்தான், தர்மன் செத்தான் என்று கத்தினார்கள்.

மேலே விழுந்தவர்கள் எழுந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. பிடிபட்டால் கொஞ்ச நேரம் மண்ணிலேயே கிடந்து மூச்சு வாங்கிக்கொண்டு எழுவது அவருடைய வழக்கம் என்பதால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டுபோய், செத்தவர்கள் உட்காருகிற கோட்டோரத்தில் படுக்க வைத்தார்கள். ஆதிகேசவன் பார்த்துக்கொள்வார் என்று அம்பயர் ஆட்டத்தைத் தொடரவிட்டார். ஆதிகேசவன் அவர் நெஞ்சில் காது வைத்தார். ஆதிகேசவன் முகம் மாறியது எனக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது. அவர் எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்து, வேனைக் கூப்பிடுங்கள், ஆள் செத்துப் போயிடுவான் என்று கத்தினார். ஆண்கள் பக்கம் ஒருத்தர் கேட்டு அடுத்தவரிடம் சொல்ல, அவர் அதற்கடுத்தவரிடம் சொல்ல, தட்டி வரைக்கும் போன சேதியில் வேன் என்ற சொல்லே விட்டுப்போயிற்று. தட்டியோரம் நின்றவன் வெளியே பார்த்துக் கத்தியது, தர்மன் செத்துட்டானாம் என்பதுதான்.

நான் எழுந்து ஓடினேன். பொம்பளை கோட்டுக்குள் போகக்கூடாது என்று யாரோ என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள், கையைத் தட்டிவிட்டுப் போனேன். அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். முகம் முழுக்க மணலாக இருந்ததைத் துடைத்தேன். ஆதிகேசவன் நெஞ்சை அமுக்கிக்கொண்டே வேன் எங்கே வேன் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் அணிப் பையன் ஒருவன் தென்னேரிக்காரனைத் தொட்டுவிட்டு ஓடி வந்தான். ஆகவே எங்கள் பக்கம் ஒருத்தர் திரும்ப இறங்க வேண்டும். அம்பயர் திரும்பிக்கூடப் பார்க்காமல், தர்மனுக்கு உயிர் என்றார். ஜனம் முழுக்க எழுந்து நின்று, தர்மனுக்கு உயிர், தர்மனுக்கு உயிர் என்று கத்தியது. திடலே அதிர்ந்தது. ஐயா, அந்தச் சத்தத்துக்கு அவர் எழுந்துவிடுவார் என்று நான் நம்பினேன். அவ்வளவு பேர் கூப்பிடும்போது வராமல் இருக்க மாட்டார் என்று நினைத்தேன். அவர் காதோரம் குனிந்து, கூப்புடறாங்க, எந்திரிங்க என்றேன். அவர் அசையவில்லை. அம்பயர் இன்னொரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு கூட்டம் வரிசை வரிசையாக அடங்கியது. ஆதிகேசவன் எழுந்து வெளியே ஓடினார்.

வெளியே நடந்ததை நான் பார்க்கவில்லை. அங்கே டீக்கடை போட்டிருந்த வடிவு என்பவள் காரியம் முடிந்த மறுநாள் என்னிடமும் என் மைத்துனர் ராமலிங்கத்திடமும் சேர்ந்தே சொன்னாள். போலீசிலும் அவள் அதையே சொல்லியிருக்கிறாள். தர்மன் செத்துட்டானாம் என்று உள்ளிருந்து சத்தம் வந்தபோது குப்புசாமி, "செத்தா இன்னா இப்போ? அவனுக்கு உயிரு வந்துடும் பாரு" என்று சொல்லியிருக்கிறார். இந்த வார்த்தையை வைத்துத்தான் அவரை உள்ளே போட்டிருக்கிறீர்கள். ராமலிங்கம் இதோடு எழுந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார், வடிவு சொன்ன மிச்சத்தைக் கேட்கவில்லை. மிச்சத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். அப்படிச் சொன்ன பிறகும் குப்புசாமிக்கு மனசு ஆறவில்லையாம். இன்னா இது, இத்தினி பேரு சொல்றாங்களே என்று எழுந்துபோய் வண்டியில் ஏறிச் சாவியிலும் கை வைத்திருக்கிறார். அப்போதுதான் தட்டியைத் தாண்டி, தர்மனுக்கு உயிர் என்ற சத்தம் வந்திருக்கிறது. அவர் இறங்கிவிட்டார். சிரித்தாராம். அங்கே நின்ற எல்லோருக்கும் டீ போடச் சொல்லி, தானும் ஒரு கிளாஸை வாங்கிக்கொண்டு, "நான் சொல்லல?" என்று வடிவிடம் கேட்டாராம்.

ஆதிகேசவன் போய் குப்புசாமியின் சட்டையைப் பிடித்து, "ஆட்டத்துல இல்லப்பா, நெசமாவே" என்று சொன்ன பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. அதன் பிறகு அவர் வாசல் வழியாகச் சுற்றி வரவில்லை. தட்டியை உடைத்துக்கொண்டு வேனை நேராகத் திடலுக்குள் விட்டார். மணலில் டயர் சுற்றியபோது தென்னேரிக்காரர்களும் எங்கள் ஆட்களுமாகச் சேர்ந்து தள்ளினார்கள். நான் வேனுக்குள் குப்புசாமி முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் வழி முழுக்க ஹாரனை அடித்துக்கொண்டு, வாய்க்குள் என் கணவரை அசிங்கமாகத் திட்டிக்கொண்டே ஓட்டினார். எழுந்திரு என்று சொல்லித் திட்டினார். ஆஸ்பத்திரியில் தயாராகத்தான் இருந்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, மூச்சு அடைபட்டிருக்கிறது, கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார்.

அந்தக் கொஞ்சம் முன்னால் என்ற வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. தாமதம் ஆகவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. தாமதம் ஆயிற்று. அந்தத் தாமதத்தில்தான் அவர் போயிருக்கலாம்.

குப்புசாமி குடித்திருந்தாரா என்று கேட்டதற்குச் சொல்வதாவது: அவர் குடிக்கிறவர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. அன்றைக்குக் குடிக்கவில்லை. அவர் மூச்சு படுகிற தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

என்னை யாராவது இப்படிச் சொல்லச் சொன்னார்களா என்று கேட்டதற்குச் சொல்வதாவது: யாரும் சொல்லவில்லை. குடித்திருந்தான் என்று சொல்லும்படி ராமலிங்கம்தான் என்னைக் கேட்டார். இல்லையென்றால் என் தம்பிக்கு நியாயம் கிடைக்காது என்றார். அவருக்குத் தம்பி போன துக்கம், யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது. எனக்கும்தான் இருக்கிறது. ஆனால் குப்புசாமி செய்தது குற்றம் என்றால், செத்தான் என்று கேட்டதும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாத நானும் குற்றவாளி, துண்டைச் சுழற்றினவர்களும் குற்றவாளி, திரும்பிப் பார்க்காமல் உயிர் கொடுத்த அம்பயரும் குற்றவாளி. வேன் இருந்தது, மருந்துப் பெட்டி இருந்தது, கட்டில் இருந்தது, ஆஸ்பத்திரியில் ஆள் இருந்தது. கூப்பிடுவதற்கு ஒரு சொல் இல்லை. இருந்த சொல்லையெல்லாம் ஆட்டத்துக்குக் கொடுத்துவிட்டிருந்தோம். இனிமேல் போட்டி வைக்கிறவர்கள் அவுட் என்றாவது சொல்லித் தொலையட்டும், வேன் டிரைவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எந்தக் கட்சிக் கொடியையாவது ஆட்டட்டும் என்று கோர்ட்டார் உத்தரவு போட வேண்டும்.

குப்புசாமி மேல் எனக்குக் கோபம் இல்லையா என்று கேட்டதற்குச் சொல்வதாவது: இருக்கிறது. நீங்கள் நினைக்கிற கோபம் இல்லை. என் கணவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, இனி இல்லை என்று எனக்குப் புரிந்த அதே நேரத்தில், தட்டிக்கு வெளியே குப்புசாமிக்கு என் புருஷன் எழுந்து வந்துவிட்டார். ஆதிகேசவன் போய்ச் சட்டையைப் பிடிக்கிற வரைக்கும் அவர் அங்கே உயிரோடு இருந்தார், மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். அந்தக் கொஞ்ச நேரம் கட்டினவளுக்குக் கிடைக்கவில்லை, வண்டிக்காரருக்குக் கிடைத்திருக்கிறது. எனக்கு அது பொறுக்கவில்லை.

குப்புசாமியை விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வெளியே வந்ததும் எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், திட்ட மாட்டேன். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாரே, அப்போது அவர் மனசுக்குள் என் புருஷன் எப்படி எழுந்தார், எந்தப் பக்கம் திரும்பினார், யாரைப் பார்த்தார் என்பதை என் எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அதைப் பார்த்தவர் இந்த ஊரில் அவர் ஒருத்தர்தான்.

மேலே கண்டவற்றில் திடலுக்குள்ளும் வேனிலும் நடந்தது நான் கண்ணால் பார்த்தது, வெளியே நடந்தது வடிவு சொல்லக் கேட்டது. எழுதியதை எழுத்தர் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார், நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நிஜம்.

(ஒப்பம்) த. அம்சவேணி